எட்டு மணிக்கு ரெண்டு இட்லி

இந்த பஸ்ஸு பைபாஸ் ரோட்டுல பெட்ரோல் பங்க் ஸ்டாப்பிங்ல நிக்கும்ல பாப்பா? நிக்குமா. நீயும் அங்கதான் எறங்குறியா? அப்ப சரி, எனக்கும் துணையாச்சு. கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன், அவரு தலைய ஆட்டுறாரே தவிர காதுல வாங்குன மாதிரி தெரியல. நீ எறங்குறப்ப என்னையும் ஒரு தட்டு தட்டிவிடு. பதினோரு மணிக்கு நான் அங்க இருக்கணும். பிந்திப் போனா பேரக் கூப்புட்டு முடிச்சிருப்பாங்க. கடுதாசியில அப்படித்தான் போட்டிருக்கு.

பைய மேல வெக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். இதுல என் சர்ட்டிபிகேட் இருக்கு. காட்டவா? இரு. இந்தா, பாரு. லேமினேஷன் பண்ணது. "திருமதி ரெ. தனபாக்கியம், நோயாளர் பிரதிநிதி, பெருந்தொற்றுக் காலத்தில் ஆற்றிய அரும்பணியைப் பாராட்டி." கீழ கையெழுத்துப் போட்டிருக்கிறது வாரியத்தோட செயலாளரு, கோதண்டபாணி சார். வாரியம்னா, டாக்டருங்களுக்கெல்லாம் மேல உள்ள ஆபீஸு. டாக்டர் தப்புப் பண்ணா அங்க மனு குடுக்கலாம். அவங்க விசாரிச்சு பேர எடுத்துட்டாங்கன்னா அப்புறம் அவரு டாக்டரே இல்ல. ஊசி போடக்கூடாது, சீட்டு எழுதக்கூடாது. அம்மாம் பெரிய ஆபீஸுல நான் கமிட்டி மெம்பரா இருந்தவ. குளித்தலை பஸ் ஸ்டாண்டுக்கிட்ட இட்லிக் கடை போட்டிருக்கிறவ கமிட்டி மெம்பர்னா நீ நம்புவியா? எங்க தெருவுல மொதல்ல யாரும் நம்பல. இப்ப கோயில் கமிட்டிக்காரங்களே என்னப் பாத்தா எந்திரிக்கிறாங்க.

அந்த "ரெ." இருக்கு பாரு, அது எங்க வீட்டுக்காரர் பேரு. ரெங்கராஜு. டீ மாஸ்டர். ஒரே கூரைக்குள்ள இந்தப் பக்கம் அவரு பாய்லர், அந்தப் பக்கம் என் இட்லிப் பானை, முப்பது வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. யாராச்சும் வந்து காபின்னு கேட்டா வாயத் தொறக்கமாட்டாரு, கைய நீட்டி எதுத்த கடையக் காட்டுவாரு. காபி வாசனையே ஆகாது மனுசனுக்கு. கல்யாண வீட்டுல காபி குடுத்தா டம்ளர அப்படியே என் பக்கம் தள்ளிவிடுவாரு. நான் ரெண்டு டம்ளர் குடிக்கணும். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல.

மொத கொரோனாவுல போயிட்டாரு. ஆவணி மாசம். இருமல்னு ஆரம்பிச்சு, நாலாம் நாளு வெள்ளை வண்டி வந்து ஏத்திட்டுப் போனாங்க. ஒரு இஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டல வார்டா மாத்தி வெச்சிருந்தாங்க, அங்க. வண்டியில ஏறுறப்ப பால எறக்கி வெய்யி, பொங்கிடும்னாரு. அவரு என்கிட்ட பேசுன கடைசிப் பேச்சு அது. அப்புறம் எட்டு நாளு ஒரு தகவலும் இல்ல. கேட்டுக்கு வெளிய போய் நிப்பேன். போலீஸு வெரட்டும். அந்தப் பக்கம் போய் நிப்பேன். உள்ள இருக்கிறவர் உக்காந்திருக்காரா படுத்திருக்காரா, எதாச்சும் வயித்துக்குப் போச்சா, ஒண்ணும் தெரியாது. ஒம்பதாம் நாளு போன் வந்துச்சு. "அம்மா, வார்டு டாக்டர் பேசறேன், அருள்வளன்." அந்தக் குரலு இன்னும் காதுல இருக்கு. தூங்காத குரலு. "தவறிட்டாரும்மா. கஷ்டப்படல. காலையில காபி குடிச்சாரு. உங்க பேரச் சொன்னாரு."

அவ்வளவுதான் சொன்னாரு. அது போதும் எனக்கு. பொணத்தக் கூட காட்டல, மூட்டையா கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. சாமி கும்புடுறப்ப, வேல செய்யுறப்ப, அந்த ஒரு வார்த்தைதான். காலையில எதோ குடிச்சாரு, என் பேரச் சொன்னாரு. அத வெச்சுக்கிட்டுத்தான் நான் எந்திரிச்சு உக்காந்தேன், கடையத் தொறந்தேன். அந்த டாக்டரு எனக்கு சாமி மாதிரி. அவருக்கு நான் ஒரு கெடுதல் நெனப்பேனா சொல்லு.

அப்புறம்தான் வாரியத்துக்கு மனு எழுதுனேன். நாலே வரி. வார்டுல இருக்கிறவங்க எப்படி இருக்காங்கன்னு வீட்டுக்கு தெனம் ஒரு தடவ போன் பண்ணிச் சொல்லுங்க ஐயா, வேற ஒண்ணும் வேணாம். அவ்வளவுதான். மனு திரும்பி வந்துச்சு. யார் மேல புகார்னு குறிப்பிடலன்னு செவப்பு மையில எழுதியிருந்தாங்க. நான் கீழயே எழுதி அனுப்புனேன், யார் மேலயும் இல்லன்னு. அதுவும் திரும்பி வந்துச்சு, எதிர்மனுதாரர் இல்லாத மனு ஏற்கப்படாதுன்னு. சரி, விட்டுட்டேன்.

தை மாசம் அவங்களே கூப்புட்டாங்க. மேல இருந்து உத்தரவு வந்திருக்கு, டாக்டருங்களையும் நோயாளிகளையும் கலந்து பேசித்தான் இனிமே எதையும் செய்யணும்னு. அதுக்கு ஒரு குழு. நோயாளி சார்பா ஒரு ஆளு வேணும். வந்த மனுவையெல்லாம் எடுத்துப் பாத்தா ஒவ்வொருத்தரும் எதாச்சும் ஒரு டாக்டர் மேல, ஒரு ஆஸ்பத்திரி மேல சண்டைக்கு நிக்கிறாங்க. யார் மேலயும் புகார் இல்லாத மனு என்னுது ஒண்ணுதான். கோதண்டபாணி சார் போன்ல சொன்னாரு, "உங்கள மாதிரி ஆளத்தாம்மா தேடிட்டு இருந்தோம்"னு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. நான் ஏன் பொய் சொல்லணும்.

ஏய், பெட்டவாய்த்தலை வந்துடுச்சா? வேகமாத்தான் போறான்.

கூட்டம் புதன்கிழமை மூணு மணிக்கு. செல்லுலயே. நான் கடைய மூடிட்டு, குளிச்சு, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, சாம்பார் வாளியில செல்ல சாச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். செல்லுக்குள்ள பதினோரு கட்டம். ஒம்போது கட்டம் ஆபீஸருங்க. ஒண்ணு நான். இன்னொண்ணு டாக்டருங்க சார்பா ஒருத்தரு, யாருன்னு நெனைக்கிற? நம்ம வளன் டாக்டருதான், அன்னிக்குப் போன் பண்ண அருள்வளன். நீலச் சட்டை, முகமெல்லாம் கண்ணாடி மாட்டுன தடம். பாதி நாளு உக்காந்தபடியே தூங்குவாரு. கோதண்டபாணி சார் என் மைக்க அவரே அணைச்சு வெச்சுடுவாரு, கடைச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு. அவ்வளவு அக்கறை. கடைசி அஞ்சு நிமிசம் தொறந்துவிடுவாரு. "தனபாக்கியம் அம்மா, உங்க கருத்து?" நான் சொல்லுவேன், வீட்டுக்கு தெனம் ஒரு போன் பண்ணச் சொல்லுங்க சார். "பதிவு பண்ணியாச்சும்மா." அப்புறம் டாக்டருகிட்ட கேப்பாரு. அவரும் அதையேதான் கேப்பாரு, "நூத்திப்பத்து பேரு சார் என் வார்டுல. வீட்டுக்குத் தகவல் சொல்ல ஒரே ஒரு ஆளு குடுங்க." "பதிவு பண்ணியாச்சு டாக்டர்." இப்படியே பதினாலு புதன்கிழமை. ஒவ்வொரு தடவையும் பதிவு பண்ணாங்க. ஒரு தடவ கூட விட்டதில்ல, அத நான் சொல்லியாகணும்.

சித்திரையில ரெண்டாவது அலை வந்துச்சு பாரு. அது உனக்கே தெரிஞ்சிருக்கும், யாரு வீட்டத்தான் விட்டுச்சு. ஒரு நாளு காலையில மாவு கரைச்சிட்டு இருக்கேன், போன் அடிக்குது. யாரோ ஒரு பொண்ணு. "மேடம், பெட் நம்பர் முப்பத்தேழு, எங்கப்பா எப்படி இருக்காரு?" ராங் நம்பரும்மான்னு வெச்சேன். அடுத்து இன்னொண்ணு. அடுத்து இன்னொண்ணு. மத்தியானத்துக்குள்ள நாப்பத்தொண்ணு. அப்புறம்தான் ஒருத்தரு சொன்னாரு, காலேஜ் கேட்டுல பேனர் கட்டியிருக்காங்கம்மான்னு. வாரியத்தோட முத்திரையோட. நோயாளிகள் குறித்த தகவலுக்கு அணுகவும், திருமதி தனபாக்கியம், நோயாளர் பிரதிநிதி. கீழ என் செல் நம்பரு.

எனக்கு யாரும் சொல்லல பாப்பா. கோதண்டபாணி சாருக்குப் போன் பண்ணேன். அவரு சந்தோசமாத்தான் பேசுனாரு. "நீங்க கேட்ட போனும் வந்தாச்சு, டாக்டர் கேட்ட ஆளும் வந்தாச்சு, ரெண்டு கோரிக்கையும் ஒரே ஆணையில முடிச்சிட்டோம்மா." நான்தான் கேட்டேன், இல்லன்னு சொல்ல முடியுமா? அப்புறம் இன்னொண்ணையும் சொல்லிடறேன், பேனர்ல என் பேரு. எங்க வீட்டுக்காரர் எந்த கேட்டுக்குள்ள போயி திரும்பி வரலியோ அந்த கேட்டு மேல என் பேரு. கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு.

வளன் டாக்டருக்கும் போன் பண்ணேன். மூணு நாளு எடுக்கல. நாலாம் நாளு எடுத்து, பேனரப் பாத்தேம்மா, மன்னிச்சிடுங்கன்னாரு. அவரு எதுக்கு மன்னிப்பு கேக்கணும். சாயங்காலம் ஏழு மணிக்கு நான் லிஸ்ட்டு சொல்றேன், எழுதிக்கிட்டு வீட்டுக்காரங்களுக்குச் சொல்லுங்கன்னாரு. பன்னெண்டு நாளு ஒழுங்கா சொன்னாரு. நான் காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதிக்குவேன். இன்னாருக்கு ஆக்சிஜன் வெச்சிருக்கு, இன்னாரு கஞ்சி குடிச்சாரு, இன்னாரு வீட்டுக்கு நாளைக்கு. பதிமூணாம் நாளு ஏழு மணி ஆச்சு, எட்டு ஆச்சு. நான் கூப்புட்டேன். பின்னாடி ஒரே சத்தம். "அம்மா இன்னிக்கு முடியல. ஆக்சிஜன் இல்ல. நல்லதா எதாச்சும் சொல்லுங்கம்மா"ன்னு வெச்சுட்டாரு. அதுக்கப்புறம் அவரு போனே எடுக்கல. அவரத் தப்பு சொல்ல மாட்டேன். அங்க என்ன நடந்துச்சோ.

ஆனா எனக்குப் போன் நிக்கலியே. ஒவ்வொரு போன்லயும் ஒரு ஆளு மூச்சப் புடிச்சிட்டு நிக்கிறாங்க, அது எனக்குக் கேக்குது. எட்டு நாளு கேட்டுல நின்னவ நான். தெரியலங்கன்னு சொல்லச் சொல்றியா? என்னால முடியாது. நல்லதா எதாச்சும் சொல்லுங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு. எனக்குத் தெரிஞ்ச நல்லது சாப்பாடு ஒண்ணுதான். மொதல்ல கேட்டுக்குவேன், உங்கம்மா என்னப்பா சாப்புடுவாங்க, சக்கரை இருக்கா, பல்லு இருக்கா. அப்புறம் சொல்லுவேன். சின்ன வயசுன்னா மூணு இட்லி. வயசானவங்கன்னா ரெண்டு. சக்கரை இருந்தா ஒண்ணரை. பல்லு இல்லன்னா பால்ல ஊறவெச்ச ரொட்டி. எல்லாருக்கும் ஒரே மாதிரி சொன்னா நம்ப மாட்டாங்கல்ல. சொன்ன ஒடனே அந்தப் பக்கம் மூச்ச விடுவாங்க பாரு, அந்தச் சத்தத்துக்காகவே சொல்லலாம். கடைசியில, உங்களக் கேட்டாங்கன்னு சொல்லுவேன். அத எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொன்னேன்.

பொய்யின்னு நெனைக்காத. காலையில எட்டு மணிக்கு எல்லா வார்டுக்கும் இட்லி போகுது, அது உண்மை. போன இட்லிய யாராச்சும் சாப்புட்டுத்தான இருப்பாங்க? நான் பொய் சொல்லல பாப்பா, நல்லது சொன்னேன். முந்நூறு பேருக்கு மேல சொல்லியிருக்கேன். அதுல பாதிப் பேருக்கு மேல வீட்டுக்குத் திரும்பல. ஆனா இன்னிக்கும் பொங்கலுக்குப் போன் பண்றாங்க. மணப்பாறையில ஒரு பொண்ணு, "எங்கப்பா கடைசியா உப்புமா சாப்புட்டாருன்னு நீங்க சொன்னீங்கல்லக்கா, தெவசத்துக்கு உப்புமாதான் வெக்கிறோம்"னு சொல்லுது. அந்த உப்புமா நான் வெச்ச உப்புமா. அது அவங்களுக்குத் தெரிய வேணாம்ல?

ஜீயபுரமா இது? தண்ணி இருக்கா வாய்க்கால்ல? எட்டிப் பாத்துச் சொல்லு. இல்லியா. சரி.

அந்தத் தம்பி பேரு கதிரேசன். லால்குடிப் பக்கம், ரைஸ் மில்லுல லாரி ஓட்டுறவரு. அவங்கம்மா ராசாம்பாள் வார்டுல. ரெண்டு நாளா கேட்டுலயே நின்னிருக்காரு, சோறு தண்ணி இல்லாம. எனக்குப் போன் பண்ணாரு, காலையில எட்டே காலு. நான் வழக்கம்போலத்தான் கேட்டேன், அம்மா என்ன சாப்புடுவாங்கன்னு. இட்லி அக்கா, கெட்டிச் சட்னி இருந்தா ரெண்டு சாப்புடும்னாரு. அப்புறம் சொன்னேன், "இப்பதான் எட்டு மணிக்கு ரெண்டு இட்லி சாப்புட்டாங்க தம்பி, உன்னக் கேட்டாங்க, நீ போயி குளிச்சிட்டு எதாச்சும் சாப்புட்டு வா." அந்தப் புள்ள அழுதுடுச்சு சந்தோசத்துல. வீட்டுக்குப் போனாரு. குளிச்சாரு. சாப்புட்டாரு. பன்னெண்டு மணிக்குத் திரும்பி வந்தா அம்மா பேரு இறந்தவங்க லிஸ்ட்டுல. ஒம்போது மணிக்கே வண்டி எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். எல்லாம் முடிஞ்சிடுச்சு. கேட்டுல நின்னிருந்தா வண்டியையாச்சும் பாத்திருப்பாரு.

நல்லதுக்குத்தான சொன்னேன். ரெண்டு நாளு பட்டினி கெடந்த புள்ளைய வீட்டுக்குப் போயி சாப்புடுன்னு சொன்னது ஒரு தப்பா?

அப்புறம் அவங்கம்மாவோட இறப்புச் சர்ட்டிபிகேட் வந்துச்சு. அதுல இறந்த நேரம் விடியக்காலை நாலு பத்துன்னு போட்டிருக்கு. வளன் டாக்டரு கையெழுத்து. கதிரேசன் அதப் புடிச்சுக்கிட்டாரு. எட்டு மணிக்கு இட்லி சாப்புட்டவங்க எப்படி நாலு மணிக்குச் செத்தாங்க? நேரத்த மாத்திப் போட்டிருக்காங்க, எட்டு மணிக்கு மேல என்னமோ நடந்திருக்கு, டாக்டரு மறைக்கிறாருன்னு வாரியத்துக்கு மனு போட்டாரு. இந்த மனுவுல எதிர்மனுதாரர் பேரு இருந்துச்சு, ஒடனே எடுத்துக்கிட்டாங்க. சாட்சி என்ன? என் பேச்சு. அவரு செல்லுல தானா பதிவாகுமாம் எல்லாப் பேச்சும். அப்படியே இருக்கு. "எட்டு மணிக்கு ரெண்டு இட்லி." வாரியத்தோட பிரதிநிதியே சொல்லியிருக்காங்க, இதுக்கு மேல என்ன வேணும்னு எழுதியிருக்காரு. என் மேல அவருக்கு ஒரு கோவமும் இல்ல. அக்கா ஒருத்தங்கதான் எங்கம்மாவப் பத்தி உண்மையச் சொன்னவங்கன்னு ஊரெல்லாம் சொல்றாரு. போன மாசம் கூட ஒரு மூட்டை பொன்னி அரிசி எறக்கிட்டுப் போனாரு. வேணாம்னு சொன்னேன், கேக்கல.

விசாரணை முடியிற வரைக்கும் டாக்டரு வேல பாக்கக் கூடாதுன்னு உத்தரவு. ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. அவரு மாமனார் மெடிக்கல் ஷாப்புல உக்காந்திருக்காராம். மாத்திரை எடுத்துக் குடுத்துக்கிட்டு. இன்னிக்குக் கடைசி விசாரணை. நான் போயி சொன்னா ஆச்சு. கடுதாசியில இருக்கு பாரு, நீயே படி. கண்ணாடி கொண்டாரல நான். ஆமா, அதான், அந்தக் கடைசி வரி. சாட்சி வரத் தவறினால் ஒலிப்பதிவே சாட்சியமாக ஏற்கப்படும். அப்படின்னா நான் போகலன்னா, அந்த ரெண்டு இட்லிதான் பேசும். டாக்டரு பேர எடுத்துடுவாங்க.

அதான் போறேன். போகலன்னா அது பாவம்.

போன வியாழக்கிழமை அவரே வந்தாரு பாப்பா, கடைக்கு. பைக்குல, தனியா. மொதல்ல எனக்கு அடையாளம் தெரியல. செல்லு கட்டத்துல பாத்த முகம், நேர்ல பாத்ததே இல்ல. முடியெல்லாம் நரைச்சுப் போச்சு, முப்பத்தெட்டு வயசுதான் இருக்கும். பெஞ்சுல உக்காந்தாரு. நான் டீ போட்டுக் குடுத்தேன், எங்க வீட்டுக்காரர் பாய்லர்லதான் போட்டேன். அவரு சண்டை போடல, கோவப்படல. மெதுவா சொன்னாரு, "நீங்க நடந்தத மட்டும் சொல்லுங்கம்மா. என்கிட்ட இருந்து தகவல் வரல, நீங்களா சொன்னீங்கன்னு. அது போதும்." நல்லதா எதாச்சும் சொல்லுங்கன்னு நீங்கதான சொன்னீங்கன்னு கேட்டேன். "ஆமாம்மா, அதையும் சொல்லுங்க. என் மேல வெச்சே சொல்லுங்க"ன்னாரு. தங்கமான மனுசன்.

எனக்கு மனசு தாங்கல. சொல்றேன் டாக்டர்னு சொன்னேன். அப்புறம் அவரு கையப் புடிச்சு சொன்னேன், நீங்க அன்னிக்குச் சொன்ன வார்த்தையிலதான் நான் இன்னிக்கு உயிரோட இருக்கேன் டாக்டர். காலையில காபி குடிச்சாரு, என் பேரச் சொன்னாருன்னு சொன்னீங்கள்ல. அத நான் மறக்கவே மாட்டேன். அவரு டீ கிளாஸ கீழ வெச்சுட்டாரு. பாய்லரப் பாத்தாரு. செவுத்துல எங்க வீட்டுக்காரர் போட்டோ, மாலை போட்டு, கீழ டீ மாஸ்டர் ரெங்கராஜுன்னு எழுதியிருக்கும், அதப் பாத்தாரு. அப்புறம் "ஆமாம்மா. குடிச்சாரு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாரு. பாதி டீய அப்படியே வெச்சுட்டுப் போயிட்டாரு. கூச்ச சுபாவம். நன்றின்னு சொன்னா சில பேருக்குத் தாங்காது.

மறுநாளே கோதண்டபாணி சாரும் போன் பண்ணாரு. ரிட்டயர் ஆயிட்டாரு, ஆனாலும் அக்கறையாப் பண்ணாரு. "நீங்க சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்மா. நானா சொன்னேன்னு மாத்திச் சொன்னீங்கன்னா பேனர் வெச்சது யாரு, ஆள் இல்லாம ஏன் வெச்சாங்கன்னு எல்லாம் கெளம்பும். உங்க சர்ட்டிபிகேட்டுக்கும் மரியாதை இல்லாமப் போயிடும்"னாரு. என் நல்லதுக்குத்தான் சொல்றாரு. ஆனா நான் மனசுல முடிவு பண்ணிட்டேன். நடந்ததச் சொல்லிடுவேன். சும்மா சொன்னதுதான் சார், எனக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டவங்க ஆறுதலுக்குச் சொன்னேன்னு சொல்லிடுவேன். கதிரேசன் தம்பி அங்கதான் உக்காந்திருப்பாரு. அவரு முகத்தப் பாக்காம சொல்லிடணும். பத்திரிகைக்காரங்க வருவாங்களாம், எல்லாத்துலயும் வரும். மணப்பாறைப் பொண்ணு படிக்கும். முந்நூறு பேரும் படிப்பாங்க. படிச்சா படிக்கட்டும். ஒரு மனுசன் பொழப்பு போகுதுல்ல.

கொரோனா நேரத்துல, ஆறுதலுக்கு, யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க. அவ்வளவு நெரிசல்ல, ஒரு வார்த்தை நல்லதா. தப்பில்ல. டாக்டருங்களே கூட...

என்ன பாப்பா கேட்ட?

சத்தமா கேளு, பஸ்ஸு சத்தத்துல காதுல விழல.

ஆமா. காபி குடிக்க மாட்டாரு. சொன்னேன்ல. வாசனையே ஆகாது.

அங்க டீ இருந்திருக்காது. அத்தன பேருக்கு மொத்தமா போடறாங்க, டீ ஆத்திக்கிட்டு இருக்க முடியுமா? காபின்னா தூளப் போட்டுக் கலக்குனாப் போதும். எட்டு நாளு நாக்கு செத்துப் போயிருக்கும், எதக் குடுத்தாலும் குடிச்சிருப்பாரு. நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது. நோவு வந்தா மனுசன் மாறிடுவான்.

என் பேரச் சொன்னாருல்ல. பேரச் சொல்லாம டாக்டருக்கு எப்படி என் பேரு தெரியும்?

அட்மிசன் சீட்டுல இருக்குமா. இருக்கும். நம்பர் எழுதுன எடத்துல பேரும் எழுதுனேன். நான்தான் எழுதிக் குடுத்தேன்.

இரு. கொஞ்சம் பேசாம வா.

குடமுருட்டிப் பாலமா இது? இவ்வளவு சீக்கிரம் வந்துடுச்சே.

நான் அங்க போயி, சாட்சிக் கூண்டு மாதிரி ஒண்ணு இருக்குமாம், அதுல நின்னு, நான் சும்மா சொன்னேன், யாரும் எதுவும் சாப்புடல, யாரும் யாரையும் கேக்கல, எல்லாம் ஆறுதலுக்கு, அப்படின்னு சொல்லணும். டாக்டரும் அங்கதான் உக்காந்திருப்பாரு. எனக்கு நேரா. நான் சொல்லச் சொல்ல அவரு என்னப் பாப்பாரு. என்னால அந்த முகத்தப் பாக்க முடியாது பாப்பா.

அவங்களுக்கெல்லாம் அந்த வார்த்தைதான் மிச்சம். அத நான் புடுங்கக் கூடாதுல்ல? இத்தன வருஷம் கழிச்சு ஒருத்தருகிட்ட போயி, உங்கப்பா உப்புமா சாப்புடலன்னு சொன்னா அவங்க என்ன ஆவாங்க? நான் அவங்களுக்காகத்தான் சொல்றேன். எனக்காக இல்ல. எனக்கு என்ன, நான் எதையும் தாங்குவேன்.

அவரு படிச்சவரு. மெடிக்கல் ஷாப்பு இருக்கு. மாமனார் இருக்காரு. எப்படியும் பொழச்சுக்குவாரு.

பெட்ரோல் பங்க்கா? விசில் அடிக்கிறான் பாரு. கண்டக்டர் நல்ல மனுசன், ஞாபகமா என்னையே பாத்துக் கூப்புடுறாரு. நீ எறங்கு பாப்பா, பாத்து எறங்கு, பின்னாடி வண்டி வருது. என்னத் தட்ட வேணாம். முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

நான் கடைசியா சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கிக்கிறேன். அங்க ஒரு டீ குடிச்சுட்டு, அடுத்த குளித்தலை வண்டியில ஏறிக்கிறேன்.